எதில் இருபது சதவீதம்?

கேள்வி: எனக்கு வயது 32. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 20 சதவீதம் கூடும் என்கிறார்களே, நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகி, காஜாங்

பதில்: அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், சகோதரி. 20 சதவீதம் என்றால் நூறு பேரில் இருபது பேருக்கு நோய் வரும் என்று பொருள் அல்ல. ஏற்கெனவே இருக்கும் சிறிய எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வு சுமார் 18 லட்சம் பெண்களைக் கவனித்தது. ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தியவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 13 பேருக்குக் கூடுதலாக நோய் வந்தது. புக்கிட் ஜாலில் அரங்கம் முழுக்க 85,000 பெண்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அவர்களில் கூடுதலாக 11 பேர். 35 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 2 பேர்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை கருப்பை, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடிக்கிறது.

ஆனால் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா, உங்களுக்கு இரத்தக்கட்டு, ஒற்றைத் தலைவலி உண்டா, புகைக்கிறீர்களா என்பதையெல்லாம் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.