குடலுக்கு ஊசி, மார்புக்கு ஏன் பரிசோதனை?

கேள்வி: என் மகனுக்கு வயது 24. குடலில் குரோன் நோய் என்று சொல்லி முதலில் பிரெட்னிசலோனும் பிறகு அசதயோபிரினும் கொடுத்தார்கள். குளிசையைக் குறைத்தால் வருத்தம் திரும்பிவிடுகிறது. ஆள் நன்றாக மெலிந்துவிட்டான். இப்போது இன்பிளிக்சிமாப் என்ற ஊசி ஏற்றலாம் என்கிறார் வைத்தியர். ஆனால் அதற்கு முன் மார்புச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவனுக்கு இருமல்கூட இல்லை. குடல் வருத்தத்துக்கு ஏன் சயரோகப் பரிசோதனை? இந்த மருந்தைக் குளிசையாகத் தரமுடியாதா?
– ஒரு தாய், மருதனார்மடம்

பதில்: அம்மா, அந்த வைத்தியர் உங்கள் மகனை அலைக்கழிக்கவில்லை. அந்தப் பரிசோதனை சிகிச்சையின் முதற்படி. ஊசி எதைத் தடுக்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

குரோன் நோயில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே குடற்சுவரில் ஓயாமல் அழற்சியை மூட்டிக்கொண்டிருக்கிறது. நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றையொன்று உசுப்புவதற்குச் சுரக்கும் புரதங்களில் முக்கியமானது ரி.என்.எவ். ஆல்பா. அது மிகுந்தால் வெண்குழியங்கள் மேலும் மேலும் குடற்சுவருக்குள் வந்து குவியும், புண் ஆறாது. இன்பிளிக்சிமாப் இந்தப் புரதத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி. சுரந்து திரியும் ரி.என்.எவ்.வைக் கட்டிப்போடுகிறது, கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் ரி.என்.எவ்.விலும் பற்றி, அந்த அழற்சிக் கலங்கள் மடிய வழிசெய்கிறது. இந்த இரண்டாவது வேலை முக்கியமானது என்பது என் எண்ணம். மூட்டுவாதத்துக்கு நன்றாகக் கைகொடுக்கும் எட்டனர்செப்ட்டும் ரி.என்.எவ்.வைத் தடுக்கும் மருந்துதான். ஆனால் குரோன் நோயில் அது பலன் தரவில்லை.

நெதர்லாந்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இன்பிளிக்சிமாப்பைக் கொடுத்துக் குணம் கண்டதை 1993இல் அங்குள்ள வைத்தியர்கள் வெளியிட்டார்கள். 1998இல் அமெரிக்கா குரோன் நோய்க்கு அனுமதி கொடுத்தது. மருந்து புரதம் என்பதால் குளிசையாக விழுங்கினால் சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரித்துவிடும். அதனால்தான் நாளத்தில் ஏற்றுகிறார்கள்.

இனி சயரோகம். நம் நாட்டில் பலருடைய உடலில் சயரோகக் கிருமி நோய் காட்டாமல் உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி நிர்ப்பீடனக் கலங்கள் வேலி அடைத்து வைத்திருக்கின்றன. அந்த வேலியின் கட்டு அவிழாமல் காப்பது இதே ரி.என்.எவ். குடலுக்காக அதைத் தடுக்கும்போது அங்கே கட்டு தளர்கிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான அறிக்கை ஒன்று, இன்பிளிக்சிமாப் ஏற்றியபின் சயரோகம் வந்த 70 பேரை ஆராய்ந்தது. 48 பேருக்கு மூன்று தடவையோ அதற்குக் குறைவாகவோ ஏற்றியதற்குள் நோய் வந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் இருந்தது. ஆகவே இருமல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2010இல் வெளியான ஆய்வின்படி கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் குரோன் நோய் இலட்சத்துக்கு 1.2 பேருக்கே இருந்தது. குடலில் வரும் சயரோகமோ பார்வைக்கும் திசுப் பரிசோதனைக்கும் குரோனைப் போலவே தோன்றக்கூடியது. சயரோகத்தைக் குரோன் என்று எண்ணி இந்த ஊசியை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

மார்பு எக்ஸ்ரேயும் தோலில் செய்யும் மாண்டோ பரிசோதனையும் செய்வார்கள். பிரெட்னிசலோன் எடுப்பவருக்கு மாண்டோ பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் அது பொய்யாக 'உண்டு' என்றும் காட்டலாம். சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை ஒன்றும் உண்டு. உறங்கும் கிருமி தெரிந்தால் ஐசோனியசிட் போன்ற குளிசை தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமளவில் ஊசியை ஆரம்பிக்கலாம். ஈரல் அழற்சி பி-க்கும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஊசிக்குப் பின் 2ஆம், 6ஆம் வாரங்களிலும், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறையும் ஏற்றுவார்கள். குணம் தெரிந்ததும் இடையில் விட்டுவிடாதீர்கள்: நீண்ட இடைவெளி விட்டால் உடல் மருந்துக்கே எதிரியை உருவாக்கும், அடுத்த ஊசி ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். சிலருக்கு இந்த மருந்து தொடக்கத்திலிருந்தே வேலை செய்யாது. அவர்களுக்குக் குடலுக்கு வரும் வெண்குழியங்களை மறிக்கும் வெடோலிசுமாப் போன்ற வேறு பிறபொருளெதிரிகள் உள்ளன.

உங்கள் வீட்டில் யாருக்காவது எப்போதாவது சயரோகம் இருந்திருந்தால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊசி தொடங்கியபின் காய்ச்சலோ இரவு வியர்வையோ கழுத்தில் கட்டியோ வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.