சந்தனக் காட்டின் நோய்

நுழையும்முன்

கோயிலிலும் மணப்பந்தலிலும் நாம் காணும் சந்தனம், காட்டில் எவ்வாறு வாழ்கிறது என்பதைப் பலர் அறியார். நூறாண்டுகளுக்கும் மேலாக அம்மரத்தைத் தொடர்ந்துவரும் ஒரு நோயையும், மாறிவரும் காட்டுச்சூழல் அம்மரத்தை நலியச்செய்யும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

தனித்து வாழாத மரம்

தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் இயற்கையாக வளர்வது சந்தனம். குடகு, மைசூர்ப் பகுதிகள், தமிழகத்தின் சவ்வாது மலை, சத்தியமங்கலம், கேரளத்தின் மறையூர் ஆகியன அதன் புகழ்பெற்ற இருப்பிடங்கள். 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் அதனை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். தனியார் நிலத்தில் முளைத்தாலும் அது அரசின் உடைமை என்ற நிலை அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

விலையுயர்ந்த இம்மரம் வாழ்க்கைக்கு அண்டை மரங்களையே நம்பியிருக்கிறது என்பது வியப்புக்குரியது. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. பச்சை இலைகளால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் நீரையும் தாது உப்புகளையும் பெரும்பாலும் பிற செடிகளின் வேர்களிலிருந்து பெறும். மண்ணுக்குள் அதன் வேர்கள் அண்டை வேர்களைத் தொட்டு, அவ்விடத்தில் உறிஞ்சுறுப்புகளைத் தோற்றுவிக்கின்றன. எனவே சந்தனம் செழிக்க வேண்டுமானால் அதனைச் சுற்றியுள்ள செடிகொடிகளும் செழித்திருக்க வேண்டும். ஒரு மரத்தின் நலம் என்பது இங்கே அக்காட்டின் நலமாகும்.

நடுமரம் வைரம் பாய்வதற்கே பல ஆண்டுகள் ஆகும். மணமும் எண்ணெயும் அவ்வைரத்தில்தான் உள்ளன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தே முதிர்ந்த மரத்தைப் பயன்கொள்ள இயலும். அத்தகைய மரத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் சாய்த்துவிடுகிறது 'ஸ்பைக்' என்னும் நோய்.

குடகில் தொடங்கிய துயர்

1899ஆம் ஆண்டில் குடகில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. நோயுற்ற மரத்தை அடையாளம் காண்பது எளிது. புதிதாகத் தோன்றும் இலைகள் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சிறுத்துக் குறுகும். கணுக்களுக்கு இடையிலான தொலைவும் சுருங்கும். தொங்கி அசைய வேண்டிய இலைகள் விறைத்து நிமிர்ந்து நிற்கும். கிளை முழுவதும் முள் நிறைந்த கதிர்போலத் தோன்றும். அத்தோற்றமே நோய்க்குப் பெயராயிற்று. பின்னர் மரம் பூப்பதை நிறுத்தும், காய்ப்பதை நிறுத்தும், இறுதியில் பட்டுப்போகும்.

1903 முதல் 1916 வரையிலான காலத்தில் குடகிலும் மைசூரிலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சந்தன மரங்கள் அகற்றப்பட்டன. நோய் சேலத்து மலைகளையும் எட்டியது. சந்தன வருவாயைப் பெரிதும் நம்பியிருந்த மைசூர் அரசுக்கு இது பேரிடி. தீர்வு காண்போருக்குப் பத்தாயிரம் ரூபாய் பரிசு அளிப்பதாக 1907ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் அறிவித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை.

எழுபது ஆண்டுத் தேடல்

காரணம் யாது என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். மண்ணின் குறை என்றனர் சிலர். காட்டுத்தீ என்றனர் வேறு சிலர். அயல்நாட்டிலிருந்து வந்து காட்டை மூடிக்கொண்ட உண்ணிச்செடியின்மீது பழிசுமத்தியோரும் உண்டு. நோயுற்ற கிளையை நலமான மரத்தில் ஒட்டுக்கட்டியபோது நலமான மரமும் நோயுற்றது. தொற்றும் தன்மை இவ்வாறு உறுதியாயிற்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதுபற்றி விரிவான ஆய்வுகள் நடைபெற்றன. எனினும் எந்த நுண்ணோக்கியிலும் கிருமி தென்படவில்லை. ஆதலால் அது வைரஸாக இருக்கலாம் என நெடுநாள் கருதப்பட்டது.

1969ஆம் ஆண்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி விடை தந்தது. செல்சுவர் இல்லாத ஒரு வகை நுண்ணிய பாக்டீரியா நோயுற்ற மரத்தின் புளோயம் திசுவில் காணப்பட்டது. இன்று அதனை ஃபைட்டோபிளாஸ்மா என்கின்றனர். இலையில் உருவாகும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் பாதை புளோயம். அப்பாதை கெடுவதால் இலையில் மாவுப்பொருள் தேங்குகிறது. வேரோ பட்டினி கிடக்கிறது. வேர் நலிந்தால் அண்டை மரங்களோடு கொண்ட தொடர்பும் அறுகிறது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் இக்கிருமியை மரம்விட்டு மரம் பரப்புகின்றன.

டெட்ராசைக்ளின் என்னும் மருந்தை மரத்தினுள் செலுத்தியபோது சில மாதங்களுக்கு நல்ல தளிர்கள் துளிர்த்தன. பின்னர் நோய் மீண்டது. மருந்து கிருமியை அடக்குமேயன்றி அழிப்பதில்லை. தோட்டத்தில் நிற்கும் ஒரு மரத்திற்கு இயலும் இம்முறை, ஒரு மலைக்காட்டிற்கு எவ்வாறு இயலும்?

மாறிய காடு

தொடக்ககால அறிஞர் சூழலைச் சுட்டியது முற்றிலும் தவறன்று. கிருமியை உண்ணிச்செடி உண்டாக்கவில்லை. ஆனால் அது அடர்ந்து படரும் இடத்தில் சந்தனத்திற்குத் துணைநிற்கும் நாட்டுச்செடிகள் குறைகின்றன. கோடையில் அப்புதர் எளிதில் தீப்பற்றும். மெல்லிய பட்டையுடைய சந்தனத்தால் தீயைத் தாங்க இயலாது. கன்றுகளோ முற்றிலும் கருகிவிடும். தப்பிய கன்றுகளைக் கால்நடைகள் மேய்ந்துவிடும்.

திருட்டு வெட்டு இதனினும் கொடியது. கள்வர் தேடுவது வைரம் பாய்ந்த முதிய மரங்களையே. மிகுதியாக விதை தருபவையும் அவையே. முதிய மரத்தை வாள் வீழ்த்த, இளைய மரத்தை நோய் வீழ்த்துகிறது. இயற்கைக் காட்டில் சந்தனம் அருகியதால், அழிவாய்ப்புக்கு உட்பட்ட இனமாக 1998ஆம் ஆண்டில் அது பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நோயுற்ற மரத்தை அகற்றுதல் இன்றும் கைக்கொள்ளப்படும் வழியாகும். ஆயினும் கிருமி புகுந்து பல மாதங்கள் கழித்தே இலை சிறுக்கும். அதற்குள் பூச்சி அடுத்த மரத்திற்குச் சென்றிருக்கும். ஆகவே அறிகுறி தோன்றுமுன்பே மரபணுச் சோதனையால் நோயை அறியும் முறைகளையும், நோய்ப்பட்ட காட்டில் நலமாக நிற்கும் மரங்களையும் ஆய்வாளர் நாடுகின்றனர்.

காட்டில் சந்தனத்தை விதைப்பவை பறவைகளே. கருஞ்சிவப்புப் பழத்தை உண்ட குயிலும் கொண்டைக்குருவியும் முட்புதரில் அமர்ந்து எச்சமிட, அதன் நிழலில் சந்தனம் முளைக்கிறது. முள் கன்றை மேய்ச்சலிலிருந்து காக்கிறது. புதரின் வேர் அதற்கு நீரூட்டுகிறது. நோயுற்ற மரத்தில் பழமில்லை. பறவைகள் அதனைக் கடந்து வேறு மரத்திற்குச் செல்கின்றன.