காதுக்கு ஒன்று, நோய்க்கு வேறு

தமிழ் வகுப்பில் மயங்கொலிச் சொற்கள் படிக்கிறோம். வலி, வளி, வழி என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் அது ரெண்டு மார்க்கோடு போகாது.

டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் காதால் கேட்டு டைப் செய்யும் வேலைக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்க டாக்டர்கள் பேசியதை நம் நாட்டில் நிறையப் பேர் டைப் செய்தார்கள். இப்போது கம்ப்யூட்டரே கேட்டு எழுதுகிறது, மனிதர் சரிபார்க்கிறார். யார் கேட்டாலும் சிக்கல் ஒன்றுதான்.

ஹைப்பர்டென்ஷன் என்றால் இரத்த அழுத்தம் அதிகம். ஹைப்போடென்ஷன் என்றால் குறைவு. ஒரு 'பர்', ஒரு 'போ', அவ்வளவுதான் வித்தியாசம். ஏத்துற மருந்தா, இறக்குற மருந்தா என்பதே மாறிப்போகும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேசுவதில் சிரமம். எனக்கு வேடிக்கையாக இருந்தது இலியம்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பின் மேல்பகுதியும் இலியம். இங்கிலீஷில் ஒரு எழுத்தாவது மாறும். தமிழில் எழுதினால் அதுவும் இல்லை! பேசாமல் குடல், எலும்பு என்றே எழுதிவிடலாம்.

எண் இன்னும் மோசம். 2008-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்ணுக்கு 8 அலகு இன்சுலின் போட வேண்டும். இந்தியாவில் டைப் செய்த தாளில் அது 80 என்று இருந்தது. அதன்படியே ஊசி போட்டார்கள். அவர் இறந்துவிட்டார். 2012-ல் 14 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. பணம் வந்து என்ன செய்ய?

மருந்துப் பெயரிலும் இது உண்டு. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று ரெண்டு மலேரியா மருந்துகள். பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்ற பொருள்களைவிட மருந்துப் பெயரைக் கடுமையாகப் பார்க்க வேண்டும், குழம்பினால் உயிருக்கே ஆபத்து என்று 2001-ல் நீதிபதிகள் சொன்னார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மதுரைப் பக்கம் வாழைப்பழமே 'வாளப்பளம்'தான். 'ள'வும் 'ல'வும் கூட அவசரத்தில் ஒன்றாகிவிடும். தோல் அரிக்கும், தோள் வலிக்கும். காய்ச்சல்காரருக்கு வாய் உலருது என்றால் தண்ணீர் கொடுக்கலாம். வாய் உளறுது என்றால் உடனே டாக்டரிடம் தூக்கிட்டு ஓடணும். போனில் 'அரை மாத்திரை' என்று சொன்னால் காது மந்தமான பாட்டிக்கு 'ஆறு மாத்திரை' என்று கேட்கலாம். 'பாதி மாத்திரை'ன்னு சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.

இதை நிரப்புங்கள் பார்ப்போம்:
1. அசுத்த இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு வருவது ______ (சிறை / சிரை)
2. மருந்தை மூன்று ______ சாப்பிடவும் (வேலை / வேளை)
3. கீழே விழுந்து ______பட்டை இறங்கிவிட்டது (தோள் / தோல்)

விடை (தாளைத் தலைகீழாகப் பார்க்கவும்): சிரை, வேளை, தோள்.

- 9ஆம் வகுப்பு மாணவி, திருமங்கலம்