வியர்த்தது தெரியும், ஏன் வியர்த்தது?

அன்புள்ள தம்பிக்கு,

தடய அறிவியல் ஆய்வகத்தில் பாலிகிராஃப் பிரிவில் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். “ஆள் பொய் சொல்றானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க” என்று சீக்கிரமே ஒரு இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். அதை அந்தக் கருவி சொல்லாது. மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரல் வியர்வை, அவ்வளவுதான் அது அளப்பது.

பரவலாக நடப்பது ஒப்பீட்டுக் கேள்வி முறை. “பீரோவிலிருந்த நகையை எடுத்தாயா?” என்பது வழக்குக் கேள்வி. “சின்ன வயதில் அடுத்தவர் பொருளைத் தொட்டதே இல்லையா?” என்பது ஒப்பிட. குற்றமற்றவர் இரண்டாவதற்குத்தான் அதிகம் படபடப்பார் என்பது இதன் அடிப்படை. எனக்கு இது ஒருநாளும் மனதில் ஒட்டியதில்லை. ஸ்டேஷனில் நாள்முழுக்க உட்காரவைத்த வீட்டுவேலைக்காரப் பெண்ணுக்கு நகை என்ற பேச்சே வயிற்றைக் கலக்கும். எப்போதோ பறித்த மாங்காயா அவளை நடுங்கவைக்கப் போகிறது? பொய்யில் ஊறியவரோ அசையாமல் இருந்துவிடலாம். சோவியத்துக்கு ரகசியம் விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையைத் தாண்டினார். கைதானது 1994இல்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003இல் ஒரு கணக்குப் போட்டது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள். சோதனை நன்றாகவே வேலை செய்தாலும், அதில் 8 பேரைப் பிடிக்க ஏறத்தாழ 1,600 அப்பாவிகள் மாட்டுவார்கள். குறிப்பிட்ட வழக்கு விசாரணையில் நிலைமை இத்தனை மோசமில்லை. குருட்டு ஊகத்தைவிட மேல். ஆனாலும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லப் போதாது.

அதற்குப் பதில் உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959இல் முன்வைத்த முறையைக் கற்றுக்கொள். ஜப்பான் போலீஸ் வழக்கமாகப் பயன்படுத்துவது அதன் வழிவந்ததைத்தான். நகை எதில் இருந்தது? செய்தித்தாளிலா, மஞ்சள் பையிலா, டிபன் டப்பாவிலா, தலையணை உறையிலா? பயந்தவருக்கு எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். விவரம் தெரிந்தவருக்கு ஒன்றில் மட்டும் கோடு திரும்பத் திரும்ப எகிறும். பொய்யைத் தேடாமல் நினைவைத் தேடுவதால் பதற்றம் இங்கே பெரிதாகக் குழப்பாது. ஆனால் நகை மஞ்சள் பையில் இருந்தது என்று பேப்பரில் செய்தி வந்துவிட்டால் தீர்ந்தது. விசாரணை அதிகாரியே வாய்விட்டு உளறியிருப்பதும் உண்டு. அதனால் எந்த விவரம் வெளியே போகவில்லை என்பதை முதலில் விசாரி.

செல்வி வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கும்: சம்மதமில்லாமல் சோதனை கூடாது, அந்தச் சம்மதம் மாஜிஸ்திரேட் முன் பதிவாக வேண்டும், சம்மதித்தாலும் சோதனை முடிவு மட்டுமே சாட்சியமாகாது. கோப்பில் கையெழுத்து இருக்கிறதே என்று நின்றுவிடாதே. உன் அறையிலும் ஒருமுறை, போலீஸ்காரரை வெளியே அனுப்பிவிட்டுச் சம்மதமா என்று கேள்.

அறிக்கையில் “பொய் சொன்னார்” என்று எழுதாதே. எந்தக் கேள்விக்கு எந்த மாற்றம் பதிவானது, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று எழுது. என்ன மருந்து சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது தூங்கினார் என்பதையும் குறி. தூங்காமல் கொண்டுவரப்பட்டவரை வேறொரு நாளுக்குத் திருப்பி அனுப்பு, இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தாலும்.

அன்புடன்,
உன் அண்ணன்