வெளுத்த வானமும் 255 என்ற எண்ணும்

வானிலைப் பாடத்துக்காக எட்டாம் வகுப்பு மாணவர்கள் கைபேசியில் எடுத்துவரும் மேகப் படங்களில் வானம் பல நேரம் வெள்ளைத்தாள் போல வெளுத்திருக்கும். அதைச் சரிசெய்வதையே ஒரு செயல்பாடாக நடத்துகிறேன்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கட்டணமில்லா ‘கிம்ப்’ மென்பொருளில் மாணவர்களே அவற்றைப் பார்த்துக் குறிக்கிறார்கள். பிறகு வெளிச்சமான பகுதியை மட்டும் மங்கச் செய்கிறோம். 240, 250 என்றிருந்த இடங்களில் மேகத்தின் வடிவம் தெளிகிறது. மூன்றும் 255 ஆன இடம் வெறும் சாம்பல் திட்டாகிறது. பதிவாகாததை மீட்க முடியாது.

“வேறு வானத்தை ஒட்டலாமா?” என்று கேட்பார்கள். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலையும் வானத்தையும் தனித்தனி நெகட்டிவ்களில் எடுத்து ஒரே படமாக அச்சிட்டதைச் சொல்வேன். அது கலை. நம் மேகப் படமோ சான்று. ஒட்டிய வானம் அன்றைய வானிலையைப் பொய்யாக்கிவிடும்.

ஆகவே, சூரியனைத் தவிர்த்து, திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துப் படமெடுக்கப் பழக்குங்கள். இருண்ட நிலத்தைப் பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கலாம்.