மதுவும் குடும்பமும்: இளைஞர்களுக்கு ஒரு பாடம்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே ராஜாஜியின் அமைச்சரவை அதனைச் சித்தூர் மாவட்டத்துக்கும் விரிவுபடுத்தியது. திருப்பதி அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மது வருவாயின் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. எனினும் போர்க்காலத்தில், 1943-இல், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மீண்டும் வந்தது. பிற்காலத்தில் ஆந்திரப் பிரதேசத்திலும் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு கொண்டுவரப்பட்டு, 1997-இல் தளர்த்தப்பட்டது.

ஒரே மண்ணில் சட்டம் இவ்வாறு வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. சட்டம் கடையை மூடும். ஆனால் கடை திறந்திருக்கும் காலத்திலும் இளைஞனைக் காப்பது அவன் பெற்ற தெளிவே ஆகும். அதனை அளிப்பது இல்லத்தின் கடமை. கல்வியின் கடமையும் கூட.

ஓர் அறிவொளிப் பாடம்

நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்ட என்னும் சிற்றூர் உள்ளது. 1992-இல் அங்கே எழுத்தறிவு வகுப்பில் பயின்ற பெண்கள், தங்கள் பாடநூலில் ஒரு கதையைப் படித்தனர். சாராயத்தால் துன்புற்ற பெண்கள் ஒன்றுகூடிக் கடையை மூடச் செய்த கதை அது. படித்தவர்கள் தங்கள் ஊரிலும் அவ்வாறே செய்தனர். அவ்வெழுச்சி சித்தூர் உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது.

அப்பெண்கள் சாராயத்தின் கொடுமையைப் புத்தகத்திலிருந்து அறிய வேண்டியிருக்கவில்லை. கூலிப்பணம் கரைந்ததையும் அடி வாங்கியதையும் ஒவ்வொருத்தியும் தன் தலைவிதி என்று தனியே சுமந்திருந்தாள். அது எல்லா வீட்டுத் துயரம் என்று கண்டதும், வாய் திறக்கும் துணிவு பிறந்தது. இளைஞர்களுக்கு மதுவைப் பற்றிக் கற்பிப்போர் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இதுவே.

உடலில் நிகழ்வது

அருந்திய மது இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டுக் குருதியில் கலக்கிறது. அதைச் சிதைக்கும் பணியைப் பெரும்பாலும் கல்லீரலே செய்கிறது. அது தன் வேகத்தில்தான் செய்யும். மோர் குடிப்பதாலோ குளிர்ந்த நீரில் குளிப்பதாலோ விரைவுபடாது. பீரில் இருப்பதும் அதே மதுதான். முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆதலால் இளமையில் தொடங்கும் குடி, அதனைத் தடுக்கவல்ல ஆற்றலையே முதலில் தாக்குகிறது. மது புற்றுநோய்க்குக் காரணம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-இலேயே அறிவித்தது.

இல்லத்தில் நிகழ்வது

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தாயின் முகத்தை நினைவூட்டுகிறார். எக்குற்றத்தையும் பொறுக்கும் தாய்க்கே மகனின் குடிமயக்கம் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. தந்தை குடித்தால் அத்துன்பம் பிள்ளைகளையும் சேர்கிறது. மாலையில் வாசலில் கேட்கும் காலடியோசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று கணிக்கக் குழந்தை பழகிவிடுகிறது. மூத்த பிள்ளை வயதுக்கு மீறிய பொறுப்பை ஏற்கிறது. நண்பனை வீட்டுக்கு அழைக்கக் கூசுகிறது. ‘நான் நன்றாகப் படித்திருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார்’ என்றும் எண்ணிக்கொள்கிறது.

அத்தகைய பிள்ளைக்கு மூன்று உண்மைகளை எடுத்துரைக்க வேண்டும். தந்தையின் குடிக்கு அது காரணம் அன்று. புட்டியை ஒளிப்பதாலோ அழுவதாலோ அதனைக் குணப்படுத்த இயலாது. நம்பத்தகுந்த பெரியவரிடம் மனம் திறந்து பேசுவது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

உறுதியும் மருத்துவமும்

திருமலையில் மதுவுக்கு இடமில்லை. வேங்கடவன் சந்நிதியில் ‘இனித் தொடேன்’ என்று உறுதி பூணுவோர் உண்டு. அவ்வுறுதி போற்றத்தக்கது. ஆயினும் நெடுநாள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரலாம். உயிருக்கும் ஆபத்து உண்டு. எனவே உறுதியோடு மருத்துவரின் துணையும் தேவை. குடிக்கு அடிமையாதல் சிகிச்சைக்குரிய நோய். நோயை வெறுத்து, நோயாளியை நேசிக்கப் பிள்ளைகள் கற்க வேண்டும். ஆனால் அடியைப் பொறுத்துக்கொள்வது அந்நேசத்தின் பகுதி அன்று. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணிலும், துன்புறும் குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணிலும் கட்டணமின்றி உதவி கிடைக்கிறது.

சிந்தனைக்கு

1. குடியாதபோது, குடித்தவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று வள்ளுவர் கேட்கிறார். குடித்துத் தடுமாறுபவரைக் கண்டு சிரிக்கும்போது, அவர் வீட்டில் காத்திருப்போரை நாம் நினைக்கிறோமா?

2. நண்பர்கள் முதல் கோப்பையை நீட்டும்போது ‘வேண்டாம்’ என்று கூறும் சொற்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்திருக்கிறோமா?

3. நம் வகுப்பிலோ தெருவிலோ வாய் திறவாமல் இத்துயரைச் சுமக்கும் பிள்ளை யார்? அப்பிள்ளையிடம் இன்று ஒரு கனிவான சொல் பேசினோமா?