தேய்வறியாக் குளிர்ப்பொறி

வெப்பமுள்ள பொருள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களை வீசும் என்பது பௌதிகம் பயின்ற மாணவர் அறிந்ததே. விண்ணில் நெடுந்தொலைவிலுள்ள குளிர்ந்த முகில்கள் வீசும் அத்தகைய நலிந்த கதிர்களை அளக்கப் புகும் கருவி, தானே வெப்பமுற்றிருப்பின் யாது நிகழும்? தீப்பந்தம் ஏந்தி மின்மினியைத் தேடியவாறாகும். ஆதலின் அக்கருவியைக் கடுங்குளிரில் வைத்தல் இன்றியமையாததாயிற்று.

முதற்கண் விஞ்ஞானிகள் குளிரைச் சேமித்தே அனுப்பினர். 1983 சனவரியில் ஏவப்பெற்ற ஐராஸ் என்னும் செய்மதி திரவ ஈலியத்தைச் சுமந்து சென்றது. அஃது ஆவியாகி அவ்வாண்டு நவம்பரில் தீர்ந்தது. ஆய்வும் அதனோடு முடிந்தது. ஹபிள் தொலைநோக்கியில் 1997இல் பொருத்தப்பெற்ற நிக்மோஸ் கருவியின் திண்ம நைதரசனும் 1999 தொடக்கத்தில் தீர்ந்தது. குடத்து நீர் எத்துணைக் காலம் வரும்? ஊற்றன்றோ வேண்டும்!

அவ்வூற்றே குளிர்ப்பொறி. வாயுவை அமுக்கின் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தைப் புறத்தே போக்கிப் பின்னர் வாயுவை விரியவிடின், அது குளிரும். இதனை ஓயாது நிகழ்த்துவதே அப்பொறியின் தொழில்.

எனினும் ஓர் இடர் உண்டு. நமது நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்து நீரைப் பெற்று, 1950இல் தொழிற்படத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்தில், சுழலி பழுதுற்றால் நிறுத்தலாம்; எண்ணெயிடலாம்; உறுப்பை மாற்றலாம். ஆளில்லா விண்கலத்தில் அஃது இயலாது. எண்ணெய் கடுங்குளிரில் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயின்றி உராயும் உறுப்போ தேயும்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் இதற்கு வழி கண்டனர். தட்டையான வில்கள் முசலத்தைத் தாங்கி, உருளைச் சுவரைத் தொடாது நேரே அசையச் செய்தன. இடைவெளியோ மயிரிழையினும் நுண்ணியது. 1991இல் பூமியின் வளிமண்டலத்தை ஆயச் சென்ற செய்மதியில் இம்முறை பயன்பட்டது. 2002இல் விண்வெளி வீரர் வேறுவகைப் பொறியொன்றை ஹபிளில் பொருத்தினர். அதன் சிறு சுழலிகள் வாயுப் படலத்தின்மேல் மிதந்து, நிமிடத்துக்கு இலட்சக்கணக்கான முறை சுழன்றன. நிக்மோஸ் மீண்டும் கண்விழித்தது. 2021 டிசம்பரில் ஏவப்பெற்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமிக்கு 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. பழுதுபார்ப்போர் எவரும் அங்குச் செல்லார். அதன் மிரி என்னும் கருவியைக் குளிர்ப்பொறியே பூச்சியத்துக்குக் கீழ் 266 பாகை செல்சியசில் வைக்கின்றது. அப்பொறியில் இரு முசலங்கள் எதிரெதிரே அசைவதால், ஒன்றன் அதிர்வை மற்றொன்று தணிக்கின்றது.

வலிமை மிகுதியாலன்று, உராய்வின்மையாலேயே இப்பொறிகள் நெடிது உழைக்கின்றன. பொறியியல் கற்கப் புகும் நம் மாணவர், ஒரு பொறி இயங்குகின்றதா என்று காண்பதோடு அமையாது, திருத்துவார் இல்லாத இடத்தில் எத்தனை ஆண்டு இயங்கும் எனவும் வினவப் பழகுவாராக.